இன்ச்சை விடுங்கள், அகலத்தைக் கேளுங்கள்: அன்றாடப் புழக்கத்துக்கு ஏற்ற போன் அளவு

விலை அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 6.1, 6.5, 6.7 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் போனின் அளவை முடிவு செய்கிறார்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலும் சரி, பினாங்கில் கோம்தார் பக்கத்துக் கடைகளிலும் சரி, விற்பவர் முதலில் சொல்வதும் அந்த எண்ணைத்தான். ஆனால் அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே இழுத்த கோட்டின் நீளம், அவ்வளவுதான். போன் எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், சட்டைப் பையில் நிற்குமா நிற்காதா என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

சோனி எக்ஸ்பீரியா 1 மார்க் 5, சாம்சங் கேலக்ஸி ஏ15, ஐபோன் 11 ப்ரோ மேக்ஸ் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே 6.5 இன்ச். சோனியின் அகலம் 71 மி.மீ., எடை 187 கிராம். ஏ15 76.8 மி.மீ., 200 கிராம். ஐபோன் 77.8 மி.மீ., 226 கிராம். கையில் வாங்கிப் பார்த்தால் மூன்றும் ஒரே அளவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோனியை ஒரு கையிலேயே சமாளித்துவிடலாம். ஐபோனுக்கு அடிக்கடி இன்னொரு கையின் உதவி வேண்டும்.

இந்த வேறுபாடு வருவது திரையின் விகிதத்தால். பழைய போன்கள் 16:9 விகிதத்தில் இருந்தன. 2017 வாக்கில் 18:9 வந்தது. இன்று ஐபோன்களில் 19.5:9, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 20:9, மேலே சொன்ன சோனியில் 21:9. விகிதம் நீள நீள, அதே குறுக்குக் கோட்டுக்குத் திரை ஒல்லியாகிறது. கணக்குப் போட்டால் விளங்கும். 16:9 விகிதத்தில் 5.5 இன்ச் திரையின் அகலம் 68.5 மி.மீ. 20:9 விகிதத்தில் 6.7 இன்ச் திரையின் அகலம் 69.8 மி.மீ. காகிதத்தில் 1.2 இன்ச் கூடியிருக்கிறது, அகலத்திலோ ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் உயரத்தில்: 122 மி.மீ. இருந்தது 155 ஆகிவிட்டது. "முன்னே 5.5 வெச்சிருந்தேன், இப்போ 6.7ன்னா ரொம்பப் பெரிசா இருக்குமே" என்று தயங்குபவர்கள் பாதிதான் சரி. பிடிக்க ஏறக்குறைய அதே போன்தான், மேல் மூலையைத் தொடத்தான் எட்டாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2011-இல் வந்த முதல் கேலக்ஸி நோட் 5.3 இன்ச்தான், ஆனாலும் அதை எல்லோரும் பூதம்போலப் பார்த்தார்கள். அதன் உயரம் 147 மி.மீ., அகலம் 83 மி.மீ. 2024-இல் சாம்சங்கின் சிறிய போன் என்று விற்கப்பட்ட கேலக்ஸி எஸ்24-இன் உயரமும் அதே 147 மி.மீ., திரையோ 6.2 இன்ச். அகலம் மட்டும் 70.6 மி.மீ. அந்த 12 மி.மீ. குறைந்ததுதான் பூதத்தைச் சிறிய போனாக்கியது.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்

போனை ஒரு கையில் பிடிக்கும்போது ஒரு விளிம்பு பெருவிரலின் அடிமேட்டில் அழுந்தும், எதிர் விளிம்பை மற்ற விரல்களின் நுனி பிடிக்கும். போன் அகலமானால் உள்ளங்கை விரிந்து கொடுக்கவேண்டும். கை விரிந்த அளவுக்குப் பெருவிரல் பின்னுக்கு இழுபட்டு, திரையில் அது வளைந்து எட்டும் பரப்பு சுருங்குகிறது. உயரம் அப்படியல்ல. மேலே எட்டவில்லை என்றால் போனைக் கையில் கொஞ்சம் கீழே நழுவவிட்டுப் பிடிக்கலாம், அல்லது மென்பொருளில் திரையைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். அகலத்துக்கு, திரையையே சுருக்கினால் ஒழிய, அந்த வழியெல்லாம் கிடையாது. விரல் எட்டினால் எட்டியது, இல்லையென்றால் இல்லை.

கேசிங் இல்லாத வெறும் போனுக்கு எங்கள் கணிப்பு இது. 72 மி.மீ. வரை: நடுத்தரக் கை உள்ளவர் எவரும் பெரும்பாலான வேலைகளை ஒரு கையில் முடித்துவிடலாம். ஐபோன் 16 (71.6 மி.மீ., 170 கிராம்), கேலக்ஸி எஸ்25 (70.5 மி.மீ., 162 கிராம்) எல்லாம் இதில் வரும். 76 மி.மீ.-க்கு மேல்: பிடிக்க ஒரு கை, தட்ட ஒரு கை. ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் (77.6 மி.மீ., 227 கிராம்), கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா (79 மி.மீ., 232 கிராம்) இந்த இனம். கடையில் சிரமம் தருவது இரண்டுக்கும் இடைப்பட்ட 73 முதல் 76 வரைதான். அங்கே எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யமுடியாது. விளிம்பு உருண்டையாக இருந்தால் 75 மி.மீ. போன்கூடக் கைக்குள் அடங்கும். தட்டையாகவும் கூர்மையாகவும் இருந்தால் 73-ஏ உள்ளங்கையை அறுக்கும்.

கையின் அளவைவிட முக்கியமான கேள்வி, நீங்கள் போனைப் பார்க்கும் நேரத்தில் மற்றொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. காலையில் கிளானா ஜெயா எல்ஆர்டி-யில் நின்றுகொண்டு வருகிறவருக்கு ஒரு கை மேலே வளையத்தில். பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ரேபிட் பினாங்கு பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு கை கம்பியில். மாலை மழையில் குடை. பொட்டலம் கட்டிய சாப்பாட்டுப் பையோடு நின்று, மறு கையால் டுயிட்நவ் கியூஆர் ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, ஆறு இலக்கப் பின் எண்ணையும் போடவேண்டும். இப்படிப்பட்ட நேரங்கள் உங்கள் நாளில் நிறைய இருந்தால் 72-ஐத் தாண்டாதீர்கள். வேலைக்குக் காரில் போய், மேசைக்கு முன்னே உட்கார்ந்து, இரவில் சோபாவில் நாடகம் பார்க்கிறவருக்கு 78 மி.மீ. போனால் ஒரு கெடுதலும் இல்லை.

எடை: கடையில் தெரியாது, வீட்டில் தெரியும்

கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தால் 230 கிராமும் "நல்லா திடமா இருக்கு" என்றுதான் தோன்றும். படுக்கையில் அரை மணி நேரம் பிடித்தபடி செய்தி படித்தால்தான் மணிக்கட்டு சொல்லும். பெரிய போன்களில் கேமரா மேட்டின் கனம் மேல் பக்கம் இருக்கும். நாம் பிடிப்பதோ கீழ்ப்பாதியில். அதனால் போன் எந்நேரமும் முன்னால் சாயப் பார்க்கும், அதைத் தடுக்கச் சுண்டுவிரலைப் போனின் அடியில் முட்டுக்கொடுப்போம். நாளடைவில் சுண்டுவிரல் மூட்டிலும் பெருவிரல் அடியிலும் வலி வருவதற்கு இந்தப் பிடியும் ஒரு காரணமாகலாம். ஏற்கனவே அந்த வலி இருக்கிறவர்கள் இன்ச்சையும் அகலத்தையும் பார்க்கும் முன் கிராமைப் பார்க்கட்டும். 180-க்குள் இருந்தால் நல்லது, 200-ஐத் தாண்டினால் யோசிக்கவேண்டும்.

இதோடு கேசிங் சேர்கிறது. மெல்லிய சிலிக்கான் கேசிங்கே ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கூட்டும். விழுந்தாலும் உடையாத தடித்த வகை இரண்டு மி.மீ.-க்கும் மேல். ஆக 77.6 மி.மீ. போன் கேசிங்கோடு 80-ஐ எட்டிவிடும். எடையில் கேசிங், டெம்பர்ட் கிளாஸ், பின்னால் ஒட்டும் வளையம் எல்லாம் சேர்த்து 30 முதல் 50 கிராம். 227 கிராம் என்று வாங்கியது தினமும் கையில் 265 கிராமாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்காத நேரம் குறைவு, வழவழப்பான கண்ணாடி முதுகு கையில் நிற்காது. எனவே கேசிங் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. கேசிங்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்லலாம்.

ஐசி, 50 ரிங்கிட் நோட்டு, அட்டைப்பெட்டி

அளவுகோல் கையில் இல்லாமலே கடையில் அகலத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஐசி என்று நாம் சொல்லும் மைகார்ட் அடையாள அட்டை உலகத் தர அட்டை அளவில் செய்தது: நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. போனைத் திரை மேலே தெரியும்படி மேசையில் வைத்து, ஐசியின் நீளமான பக்கத்தைப் போனுக்குக் குறுக்காகப் போடுங்கள். ஓரத்தை ஒரு விளிம்போடு சேர்த்து வைத்தால், மறுபக்கம் ஐசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். சுண்டுவிரல் அகலம், அதாவது 13, 14 மி.மீ. நீட்டினால் போன் 72-க்கு அருகில். அதில் பாதிதான் நீட்டுகிறது என்றால் 78-ஐ ஒட்டிவிட்டது. கேசிங் போட்ட போனுக்கும் இதே வழிதான்.

50 ரிங்கிட் நோட்டு 145 மி.மீ. உயரம், 69 மி.மீ. அகலம். கேலக்ஸி எஸ்25, ஐபோன் 16 போன்ற போன்களின் மேல் அதை வைத்தால் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர்தான் மிச்சம் தெரியும். "சிறிய போன்" என்று இன்று விற்கப்படுவது ஏறத்தாழ 50 ரிங்கிட் நோட்டு அளவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் இணையத்தில் வாங்கும்போதும் ஏமாறமாட்டீர்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உயரம், அகலம், தடிமன் மூன்றும் மி.மீ.-இல் இருக்கும். கெட்டியான அட்டைப்பெட்டியிலிருந்து அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் நாலைந்து துண்டு வெட்டுங்கள். கேசிங்குக்காக இரண்டு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். தடிமன் 10 மி.மீ. வரும்வரை அடுக்கி டேப் ஒட்டுங்கள். சமையலறைத் தராசில் வைத்து, போனின் எடை வரும்வரை நடு அடுக்கில் சில்லறைக் காசுகளை ஒட்டுங்கள். காசுகளை மேல்பாதியில் அதிகம் வையுங்கள், உண்மையான போனின் கனமும் அங்கேதான். ஒரு நாள் முழுக்க இதைப் பையில் போட்டுக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், மோட்டார் ஏறுங்கள். சிறுபிள்ளை வேலைபோல் தெரியும். ஆனால் நாலாயிரம் ரிங்கிட் கொடுத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பாதி விலைக்குத் தள்ளுவதைவிட அட்டைப்பெட்டி மலிவு.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது

அளவைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் விமர்சனங்களில் இந்தப் பகுதி இருக்காது. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 விசைகள். திரை 65 மி.மீ. அகலம் என்றால் ஒரு விசைக்கு 6.5 மி.மீ. கிடைக்கும். தமிழ்99 அமைப்பின் மேல்வரிசையில் ஆ முதல் ஞ வரை 12 விசைகள். செயலிக்குச் செயலி இது சற்று மாறினாலும், ஆங்கிலத்தைவிட நெருக்கம் என்பது உறுதி. 12 விசைகளையும் அப்படியே வைத்தால் அதே திரையில் ஒரு விசைக்கு 5.4 மி.மீ.தான். 70 மி.மீ. திரையில் 5.8. ஐபோன் 13 மினியின் திரை 57 மி.மீ. சொச்சம், அதில் 4.8 மி.மீ. பெருவிரல் தடித்தவர் அதில் ன அடிக்கப்போய் ற விழுந்துகொண்டே இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, அகலமான போன். மற்றொன்று, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டித் தமிழைப் பெறும் அஞ்சல் முறை. இதில் மேல்வரிசை 10 விசைகளோடு நின்றுவிடும், சிறிய போனிலும் பிழை குறையும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இரண்டு முறைகளும் உண்டு. ஐபோனில் அவை உள்ளேயே இருக்கின்றன. தமிழ்99 பழகியவர் சிறிய போனுக்கு மாறும்முன் அதே போனில் நாலு வரி அடித்துப் பார்க்கவேண்டும். குரலில் சொல்லி எழுதவைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

படிப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒல்லியான திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல்தான் நிற்கும். படிப்பதே விரலால் தள்ளிக்கொண்டிருப்பதாகிவிடும்.

மலிவான பெரிய போன்களில் இன்னொரு குறை. 6.7 இன்ச் திரையில் 720×1600 புள்ளிகள்தான் என்றால் ஒரு இன்ச்சுக்கு 262 புள்ளிகள். அதே திரையில் 1080×2400 என்றால் 393. ஆங்கில எழுத்துக்கு 262 பரவாயில்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, ணு, னு, று போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய எழுத்தில் மங்கிப்போய் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். தமிழ்ச் செய்தி அதிகம் படிக்கிறவர் 6.5 இன்ச்சுக்கு மேல் வாங்கினால் 1080-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பெட்டியில் எச்டி+ என்றால் 720, எஃப்எச்டி+ என்றால் 1080.

வீடியோவுக்காகப் பெரியது வாங்குகிறேன் என்பவர்களுக்கு

சீரியலும் யூடியூபும் பெரும்பாலும் 16:9. அதை 20:9 திரையில் படுக்கப்போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். 6.7 இன்ச், 20:9 திரையில் படம் நிரப்பும் பகுதியை அளந்தால் அது 5.6 இன்ச்தான். 6.1 இன்ச் ஐபோனில் 5.2. அட்டையில் 0.6 இன்ச் என்று கண்ட வேறுபாடு படத்தில் 0.4 ஆகச் சுருங்குகிறது. திரையை நிரப்ப விரலால் விரித்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், அடியில் ஓடும் மலாய் துணைஎழுத்து போய்விடும். நிற்கவைத்துப் பார்க்கும் ரீல்ஸ், டிக்டாக் மாதிரியானவைதான் நீண்ட திரையை ஏறக்குறைய முழுக்கப் பயன்படுத்துகின்றன. வீட்டில் பழைய டேப்லட் ஒன்று கிடந்தால் நாடகத்தை அதில் பார்த்துவிட்டு போனைக் கைக்கு ஏற்றபடி வாங்குவது புத்திசாலித்தனம்.

பை, மோட்டார், கார்

ஆண்களின் சட்டைப் பை ஆழம் பெரும்பாலும் 12 முதல் 14 செ.மீ. 160 மி.மீ. போன் அதில் இரண்டு செ.மீ.-யாவது வெளியே நீட்டும். நிமிர்ந்து நிற்கும்வரை கவலையில்லை. கோயிலில் குனிந்தால், காலணி மாட்டக் குனிந்தால், மூடாத சாக்கடை ஓரத்தில் குனிந்தால் அது தானாக இறங்கும். ஜிப்பாவின் பக்கப்பை இன்னும் ஆபத்து: வாய் அகலம், உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். தைப்பூசக் கூட்டத்தில் பத்துமலைப் படியிலோ தண்ணீர்மலையிலோ ஏறும்போது பையில் முழுதாக மறையாத போனைக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். சுடிதார், சேலை உடுத்துகிறவர்களுக்குப் பை இல்லை என்பதால் உயரம் பெரிய கணக்கில்லை. ஆனால் போன் எந்நேரமும் கையிலேயே இருக்கும், அவர்களுக்கு எடைதான் கணக்கு.

மோட்டாரில் போனை ஹேண்டிலில் மாட்டி வேஸ் வழிகாட்டி வரைபடம் பார்க்கிறவர்கள் பிடிப்பானின் அளவெல்லையைப் படித்துவிட்டு வாங்கவேண்டும். கேசிங்கோடு சேர்த்து அகலம் பொருந்தவேண்டும். உயரமும் எடையும் கூடக் கூட, குழியில் விழும்போது பிடிப்பான் மேல் விழும் இழுவையும் கூடும். மூட்டுத் திருகு தளர்ந்து போன் மெல்லத் தலைகுனிவது பெரிய போன்களில்தான் அதிகம். அளவோடு தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். உயர்சக்தி மோட்டார் எஞ்சினின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பொறியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் இடைப்பொருள் உள்ள பிடிப்பானை வாங்குங்கள். விலை உயர்ந்த பெரிய போனை ஹேண்டிலில் மாட்டுவதைவிடப் பழைய சிறிய போனை அதற்கென வைத்துக்கொள்வது உத்தமம்.

காரில், குறிப்பாக மைவி போன்ற சிறிய கார்களில், ஏர்கோன் வாயில் கொளுவும் பிடிப்பான் 250 கிராமைத் தாங்கத் திணறும். இறக்கை கீழே சாயும், நாளாக உடையும். டேஷ்போர்டில் ஒட்டும் வகை பரவாயில்லை. ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் போனை விட்டுப்போகாதீர்கள்.

பேட்டரியும் சூடும்

சிறிய போனைப் பற்றிய பயத்தில் பெரும்பங்கு பேட்டரிதான். அதில் நியாயம் உண்டு. ஒரே ஆண்டில் ஒரே வகைச் சில்லோடு வந்த ஐபோன் 13 வரிசையில் தொடர்ந்து வீடியோ ஓடும் நேரமாக ஆப்பிள் சொன்னது: மினிக்கு 17 மணி, சாதாரண 13-க்கு 19 மணி, 13 ப்ரோ மேக்ஸுக்கு 28 மணி. பெரிய திரை அதிகம் மின்சாரம் தின்றாலும் உள்ளே இருக்கும் பேட்டரி அதைவிட வேகமாக வளர்கிறது. எஸ்24-இல் 4000 எம்ஏஎச், எஸ்24 அல்ட்ராவில் 5000. நாள் முழுக்க வெளியே சுற்றி, டேட்டாவில் வரைபடம் ஓட்டி, இரவுதான் சார்ஜ் போடமுடியும் என்பவருக்குப் பெரிய போனே சரி, அல்லது சிறிய போனோடு ஒரு பவர்பேங்க். அலுவலக மேசையில் சார்ஜர் உள்ளவருக்கு இந்தப் பயம் தேவையில்லை.

சூடு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஐபோனுக்கு ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. கோலாலம்பூர் மதியம் 33 டிகிரியைத் தொட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கும். உடல் சிறியதாக இருந்தால் சூடு பரவ இடம் குறைவு. வெயிலில் வரைபடமும் வீடியோ அழைப்பும் ஒன்றாக ஓடினால் சிறிய போன் சீக்கிரம் திரை மங்கிப் பின்வாங்கும். பகல் முழுக்க வெளியே வேலை பார்க்கும் பட்டுவாடாக்காரர்களுக்கு நடுத்தர அளவைத்தான் பரிந்துரைப்போம்.

அம்மா அப்பாவுக்கு வாங்கும்போது

"பெரியவங்களுக்குப் பெரிய போன்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறோம். அவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்து. எழுத்தைப் பெரிதாக்கினால் அதற்கு இடம் வேண்டும், அதனால் அகலமான திரை நல்லதுதான். ஆனால் கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ளவருக்கு 230 கிராம் பாரம். அகலம் 76-ஐ ஒட்டியும் எடை 200-ஐத் தாண்டாமலும் உள்ள போனைத் தேடுங்கள். நடுத்தர விலையில் பிளாஸ்டிக் முதுகு உள்ளவை இதில் பொருந்தும். பிளாஸ்டிக் கனம் குறைவு, கண்ணாடியைப்போல உடையாது. வளைந்த விளிம்புத் திரை வேண்டவே வேண்டாம். உள்ளங்கை பட்டு எதையாவது அழுத்திவிடும், பிறகு "போன் தானா என்னமோ பண்ணுதுப்பா" என்று அழைப்பு வரும். வாங்கியதும் எழுத்தளவு, திரை அளவு இரண்டையும் கூட்டிவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்து அவர்கள் கையில் கொடுங்கள். படத்தில் பேசும்போது பிடித்து நிற்க ஒரு மேசைத் தாங்கி பத்து, பதினைந்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும்.

கடையில் பத்து நிமிடம்

காட்சிக்கு வைத்த போனின் பின்னால் பாதுகாப்புக் கம்பியும் ஒட்டுவில்லையும் இருக்கும். எடையும் பிடியும் இரண்டுமே பொய் சொல்லும். டம்மி போனிலும் அளவை நம்பலாம், எடையை நம்பமுடியாது. கம்பி இல்லாத போனைக் காட்டச் சொல்லுங்கள், கேசிங் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். லோ யாட் மாதிரி இடத்தில் நாலு கடை தள்ளிப் போனால் யாராவது ஒருவர் சரி என்பார்.

உட்கார்ந்து பார்க்காமல் நின்று பாருங்கள். மற்றொரு கையில் உங்கள் பையைத் தூக்கிக்கொள்ளுங்கள். போனின் அடியில் சுண்டுவிரல் முட்டுக்கொடுக்காமல் பிடித்து, பெருவிரலால் கீழ்ப்பக்கத்தின் எதிர் மூலையைத் தொடுங்கள். அது சிரமமில்லாமல் எட்டவேண்டும். எட்டாவிட்டால் அந்த போனில் ஒரு கைத் தட்டச்சு நடக்காது. பிறகு திரையின் நடுப்பகுதியில் எதிர் விளிம்பைத் தொடுங்கள். மேல் மூலை எட்டாவிட்டால் கவலைப்படாதீர்கள், இன்றைய போன் எதிலும் அது எளிதில் எட்டாது. இடக்கைக்காரர்கள் வால்யூம், பவர் பொத்தான் எங்கே விழுகிறது என்றும் பார்க்கவேண்டும். அடுத்து ஒரே கையால் தமிழில் ஒரு வாக்கியம் அடியுங்கள். கேமராவைத் திறந்து நீட்டிப் பிடித்து, கியூஆர் ஸ்கேன் செய்வதுபோல் ஐந்து விநாடி நில்லுங்கள். கடைசியாக, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, வழக்கமாக வைக்கும் பையில் போட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். இடுப்பில் குத்தினால் அந்தக் குத்து மூன்று வருடம் இருக்கும்.

மடக்கும் போன், பழைய சிறிய போன்

கேலக்ஸி இசட் ஃப்ளிப்6 மடக்கினால் 85.1 மி.மீ. உயரம், 71.9 மி.மீ. அகலம், உயரத்தில் ஏறக்குறைய ஐசியேதான். விரித்தால் 6.7 இன்ச், 187 கிராம். பைப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, ஒரு கையால் விரிப்பதுதான் பழக நாளாகும். மடிந்தபோது 15 மி.மீ. தடிமன் என்பதால் இறுக்கமான ஜீன்ஸில் புடைக்கும். புத்தகம்போல் விரிவது வேறு கதை. அது கைக்கு வாங்கும் போன் அல்ல, பையில் வைக்கும் டேப்லட்.

உண்மையிலேயே சிறியது வேண்டும் என்பவர்களுக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது அரிது. ஆப்பிள் 13-ஓடு மினியை நிறுத்திவிட்டு, 2022-இல் அந்த இடத்தில் பெரிய 14 பிளஸைக் கொண்டுவந்தது. மலிவு விலைப் புதுப் போன்கள் ஏறக்குறைய எல்லாமே 6.5 இன்ச்சுக்கு மேல். ஆகவே ஐபோன் 13 மினி (64.2 மி.மீ., 140 கிராம்), ஏசஸ் சென்ஃபோன் 10 (68.1 மி.மீ., 172 கிராம்) போன்றவற்றைப் பழையதாகத்தான் தேடவேண்டும். ஐபோன் என்றால் அமைப்புகளில் பேட்டரி ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அந்தத் தலைமுறை பேட்டரிகள் 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 விழுக்காடு மிஞ்சும்படி வடிவமைத்தவை. 85-க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள், ஏனென்றால் சிறிய பேட்டரியில் குறையும் ஒவ்வொரு விழுக்காடும் மாலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்.

பெரியதை ஏற்கனவே வாங்கிவிட்டால்

ஐபோனில் அமைப்புகள், அணுகல்தன்மை, தொடுதல் என்று போய் ரீச்சபிலிட்டியை இயக்குங்கள். திரையின் அடி விளிம்பில் விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் மேல்பாதி கீழே இறங்கிவரும். சாம்சங்கில் அமைப்புகளில் மேம்பட்ட அம்சங்கள் என்பதன் கீழ் ஒரு கைப் பயன்முறை இருக்கிறது. அது திரை முழுவதையும் ஒரு மூலைக்குச் சுருக்கித் தரும். விசைப்பலகையைத் தனியாகச் சுருக்கலாம்: ஐபோனில் உருண்டைப் படத்தை அழுத்திப் பிடித்தால் இடம், வலம் என்ற தேர்வு வரும். ஜிபோர்டிலும் ஒரு கை முறை உண்டு. ஆனால் தமிழ்99 விசைகள் சுருக்கிய பலகையில் மேலும் நெருங்கும் என்பதால் அந்த நேரத்தில் அஞ்சல் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். சஃபாரியிலும் சாம்சங் இன்டர்நெட்டிலும் முகவரிப் பட்டையை அடியில் வைக்கலாம். முகப்புத் திரையில் அடிக்கடி தொடும் வங்கிச் செயலி, டச் அண்ட் கோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் கீழிரண்டு வரிசைக்குக் கொண்டுவாருங்கள். மேலே கடிகாரமும் வானிலையும் போதும்.

தடித்த கேசிங்கைக் கழற்றி மெல்லிய, சொரசொரப்பான ஒன்றுக்கு மாற்றினாலே அகலத்தில் இரண்டு மி.மீ., எடையில் இருபது கிராம் போல மீட்டுவிடலாம். பின்னால் ஒட்டும் வளையத்தை நடுவில் ஒட்டாமல், கனம் எங்கே சமனாகிறதோ அங்கே ஒட்டுங்கள். போனை ஒரு விரல்மேல் படுக்கவைத்துப் பார்த்தால் அந்த இடம் தெரியும். பெரும்பாலான போன்களில் அது நடுவுக்குச் சற்று மேலே. வயர்லெஸ் சார்ஜர் பயன்படுத்துகிறவர் ஒட்டும் வளையத்துக்குப் பதில் கழற்றி மாட்டக்கூடிய காந்த வளையம் வாங்கவேண்டும், இல்லையென்றால் சார்ஜ் ஏறாது.